மாமா பதில்கள்: டயர் தர்பார்

கே: மாமா, என் பழைய டி-மேக்ஸைக் காசு செலவில்லாமல் உயர்த்த வழி உண்டா?
– டி-மேக்ஸ்காரர், செடெனாக்

உண்டு. முதல் தலைமுறை டி-மேக்ஸின் முன்பக்கம் டோர்ஷன் பாரில் நிற்கிறது. போல்ட்டை நாலு சுற்றுச் சுற்றினால் மூக்கு மேலே போகும். செலவு ஒரு ஸ்பேனர். அதிகம் சுற்றினால் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு ரப்பர் பூட் கிழியும், பால் ஜாயின்ட் தேயும், உங்கள் முதுகெலும்பில் எத்தனை கண்ணி என்று பள்ளமே எண்ணிச் சொல்லும். ஒரு அங்குலத்தோடு நிறுத்திவிட்டு அன்றைக்கே அலைன்மென்ட் பாருங்கள்.

கே: ஹைலக்ஸ் பின்பக்கத்தைத் தூக்க பிளாக் நல்லதா, கூடுதல் லீஃப் நல்லதா?
– தோட்டத்துத் தம்பி, லாயாங்-லாயாங்

செம்பனைக் குலை ஏற்றுகிறவருக்கு லீஃப். பாரம் இல்லாதபோது வண்டி உதைக்கும். மாமியாரை ஏற்றுகிறவர் தன் நோக்கத்தைப் பொறுத்து முடிவு செய்யலாம். பிளாக் மலிவு. ஆனால் உயரம் கூடக் கூட, பிரேக் போடும்போதும் கியர் இழுக்கும்போதும் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும்.

கே: இரண்டு அங்குலம் தூக்கியும் தோட்டத்து மேட்டில் அடி தட்டுகிறதே, ஏன்?
– ஏமாந்தவர், கூலாய்

தூக்கியது வண்டியின் உடம்பை. தட்டுவது பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல். அதற்கும் உங்கள் ஸ்பிரிங்குக்கும் உறவில்லை. அதை உயர்த்தும் ஒரே சாமான் டயர்தான். 265/65R17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். 265/70R17 போட்டால் 803. வித்தியாசத்தில் பாதிதான் உயரம்: 13 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். 285/70R17 என்கிற '33 அங்குல' டயர் போட்டால் 27 மில்லிமீட்டர். இரண்டு அங்குலத்துக்குப் பணம் கட்டி, டிஃபரன்ஷியலுக்கு ஒன்றும் வாங்காமல் வந்திருக்கிறீர்கள். ஏறும்போது மூக்கு இடிக்காது, அந்த மட்டில் சந்தோஷம்.

கே: ஸ்பிரிங்கைத் தொடாமல் நேராக 33 போடலாமா?

போடலாம். நேர் ரோட்டில் சமர்த்தாக ஓடும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பள்ளத்தில் இறங்குங்கள், உள் மட்கார்டு 'சர்ர்' என்று தாலாட்டுப் பாடும்.

கே: பெரிய டயர் போட்டால் வேகம் கூடுமா?
– பிளஸ் நெடுஞ்சாலைப் பயணி, சிம்பாங் ரெங்கம்

கூடும், உங்களுக்குத் தெரியாமல். மீட்டர் சரியாக இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். 33 போட்டபின் அது 110 என்று காட்டும்போது வண்டி 117-ஐத் தாண்டியிருக்கும். கேமரா உங்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை.

கே: டீசல்?

தாத்தா காலத்துக் கவலை இல்லை இது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே தாவலில் 3.35-க்குப் போனது. கனமான சேற்று டயரை உருட்ட இன்ஜின் கூடுதலாகக் குடிக்கும். நீங்கள் குறைத்துக் குடித்தால் சரியாகிவிடும்.

கே: ஜேபிஜே பிடித்தால் என்ன சொல்வது?
– முன்ஜாமீன் தேடுபவர், ஸ்கூடாய்

"வணக்கம்" என்று சொல்லுங்கள். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் வம்பு. மட்கார்டைத் தாண்டி டயர் வெளியே துருத்தினால் தூரத்திலேயே தெரியும், விசாரணைகூட வேண்டாம். செய்த மாற்றத்தைக் காப்புறுதிக்காரரிடமும் சொல்லி வையுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் அது அவருக்குச் சாதகமான செய்தி.

கே: தமிழ்நாட்டில் இந்தத் தொல்லை இல்லையாமே?
– ஊர் திரும்பும் யோசனையில் இருப்பவர்

யார் சொன்னது? பதிவில் உள்ள தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து வண்டி மாறக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றமே 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஜேபிஜேக்குப் பயந்து ஆர்டிஓவிடம் போவானேன்!

கே: சிங்கப்பூரில் கழற்றிய டயர், பட்டன் அப்படியே இருக்கிறது, பாதி விலை. வாங்கட்டுமா?

பட்டனைப் பார்க்காதீர்கள், பக்கச் சுவரைத் தடவுங்கள். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் பிறந்தது. 0815 என்று இருந்தால் அது டயர் இல்லை, பென்ஷன்காரர்.

கே: முன்னால் பழைய அளவு, பின்னால் மட்டும் பெரிய டயர். பார்க்க ஸ்டைலாக இருக்குமே?

இருக்கும், ஃபோர் வீலைப் போடும் வரை. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றக் கட்டிப்போட்ட கியர்பெட்டி அது. அளவு மாறினால் உள்ளுக்குள் முறுக்கி உடையும். ஸ்டைல் டோ லோரியில் தொடரும்.

கே: செடெனாக்கில் டெக் பார்க்கும் டேட்டா சென்டருமாக வந்துகொண்டிருக்க, இன்னும் சேற்று டயரா?
– நகரவாசி, ஜொகூர் பாரு

நியாயம். மேட்டுக்கு டயர் வாங்குமுன், அந்த மேடு இன்னும் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்து வருவது நல்லது.

கே: கையில் 3,000 வெள்ளி. எங்கே போடட்டும், மாமா?
– சிக்கன சிகாமணி, குளுவாங்

ஒரே ஒரு அளவு பெரிய ஆல்-டெரெய்ன் டயர் நாலு, புதிது. அப்புறம் அலைன்மென்ட். மீதி இருந்தால் முன் பிரேக் பேட், ஏனென்றால் கனமான சக்கரத்தை நிறுத்துவது அதுதான். ஸ்பேரையும் அதே அளவுக்கு மாற்றச் சேர்த்து வையுங்கள். தூக்கும் வேலை போனஸ் மாதத்துக்கு. கதவில் புலி ஸ்டிக்கர் ஒட்டுவது பற்றிக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு அடுத்த வாரமும் பதில் கிடையாது.