பாரிஸில் கடைக்கு வழி கேட்பது எப்படி?

கேள்வி: மகளைப் பார்க்கப் பாரிஸ் போகிறேன். பிரெஞ்சு துளியும் தெரியாது. கடைக்கு வழி கேட்பது எப்படி?
– ஒரு வாசகி, பிரம்மதேசம்

பதில்: முதலில் வணக்கம், அப்புறம்தான் வழி! ‘பொன்ழூர்’ சொல்லாமல் மொட்டையாகக் கேட்டால் பாரிஸ்காரர் முகம் சுருங்கிவிடும். சொல்லிவிட்டு, ‘ஊ எ லா ஃபார்மசி, சில் வூ ப்ளே?’ என்று கேளுங்கள். மருந்துக்கடை எங்கே என்று புரிந்துகொள்வார்கள். ரொட்டிக் கடை என்றால் ‘லா புலான்ஜரி’.

கேட்பது சுலபம், பதிலில்தான் சூட்சுமம். ‘அ கோஷ்’ என்றால் இடப்பக்கம். ‘அ துருவாத்’ வலப்பக்கம். ‘து துருவா’ நேரே. கடைசி இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். ஆகவே காதை விட அவர் கையை நம்புங்கள். மருந்துக்கடை வாசலில் பச்சைச் சிலுவை விளக்கு எரியும். அதுவே பாதி வழியைச் சொல்லிவிடும்.

ஒத்திகைக்குப் புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளையர் நகரில் தெருப்பலகைகள் பிரெஞ்சிலும் தமிழிலும் இருக்கின்றன; வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முறையாகக் கற்க, 1889-இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது.

பாரிஸ் போனபின் கறிவேப்பிலை, முருங்கைக்காய் வேண்டுமா? மெட்ரோவில் லா ஷப்பல் நிலையத்தில் இறங்குங்கள். அந்த வட்டாரத்தில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 1985-இல் தொடங்கிய மாணிக்கப் பிள்ளையார் கோயிலும் அருகில்தான். அங்கே வழி கேட்க, ‘அண்ணே!’ என்ற ஒரு சொல் போதும்.