நானும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தாதான்

மருமவளே, ஃப்ரிட்ஜ் கதவுல நீ ஒட்டியிருக்க அட்டவணையைப் பாத்தேன். ‘டிசம்பர் மாத நற்குணப் பயிற்சி’யாம். முதல் வாரம் பகிர்தல், ரெண்டாம் வாரம் பொறுமை, மூணாம் வாரம் உண்மை பேசுதல், நாலாம் வாரம் சமாதானம். பயலுக்கு வயசே நாலு. நாலு வயசுல நாலு குணத்தையும் முடிச்சுட்டான்னா, அஞ்சாம் வயசுல அவனுக்கு என்ன சோலி? நேரா பிஷப் ஆயிர வேண்டியதுதான். கலர் கலரா எழுதி, தண்ணி படாம இருக்க லேமினேஷன் வேற. குணம் அழிஞ்சாலும் அட்டை அழியாது.

நான் குத்தம் சொல்லலை தாயி. பனை ஏறிப் பிழைச்ச கிழவன் நான். பிள்ளை வளக்கதுக்குப் புஸ்தகம் உண்டுங்கதே இந்த வீட்டுக்கு நீ வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனா சபை ஐயர் பிரசங்கத்துல தூங்காம உக்காந்து கேக்குத ஆளு நம்ம வீட்டுல நான் ஒருத்தன்தான். போக, உன் மவன் ராத்திரி என் கட்டில்லதான் படுக்கான். பகல்ல இந்த வீட்டுல நடக்குதது அம்புட்டையும் ராத்திரி எங்கிட்ட ஒப்பிச்சுட்டுத்தான் கண்ணை மூடுவான். அந்தத் தகவலை வச்சு நாலு யோசனை சொல்லுதேன். பிடிச்சா எடுத்துக்கோ. பிடிக்கலைன்னா, அட்டவணையில ‘பெரியவங்களுக்குச் செவிகொடுத்தல்’னு அஞ்சாவதா ஒரு வாரம் கூட்டிக்கோ.

முதல்ல வசனம். ஓய்வுநாள் பள்ளியில மனப்பாட வசனப் போட்டி வச்சாவ. உன் மவன் அன்பைப் பத்தின வசனத்தை அதிகாரத்தோட, எண்ணோட சொல்லி டிபன் பாக்ஸ் வாங்கிட்டான். எதுத்த வீட்டுப் பிள்ளை நடுவுல ஒரு வார்த்தையை முழுங்கிட்டு, அதுக்கு ஒண்ணும் இல்ல. கோயில்லயிருந்து வீடு வரைக்கும் நீ என்ன சொல்லிட்டு வந்த? “அவளைத் தோக்கடிச்சுட்டியே, என் ராசா!” அன்பைச் சொல்லி அடுத்த வீட்டுக்காரியைத் தோக்கடிக்கலாம்னு பய படிச்சுக்கிட்டான். இந்த ஓய்வுநாள் பள்ளி எப்படிப் பரவுச்சு தெரியுமா? 1780ல இங்கிலாந்துல கிளாஸ்டர் பட்டணத்துல ராபர்ட் ரெய்க்ஸ்னு ஒரு பத்திரிகைக்காரர் எடுத்து நடத்துனாரு. வாரம் பூரா குண்டூசிப் பட்டறையில வேலை செஞ்ச ஏழைப் பிள்ளைக, ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும்னு வச்சது. வழியில்லாத பிள்ளைக்கு வழி காட்ட வந்த பள்ளியில, நாம நம்ம பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் சேத்துக்கிட்டு இருக்கோம்.

வசனம் வேண்டாம்னா சொல்லுதேன்? சொல்லட்டும், நல்லா சொல்லட்டும். ஆனா பனை ஏறப் பழகுத பய, கீழ நின்னு கத்துதவன் பேச்சைக் கேட்டு ஏற மாட்டான். முன்னால போற அப்பன் காலை எங்க வைக்கான்னு பாத்துக்கிட்டேதான் ஏறுவான். உன் மவனும் அப்படித்தான் பாத்துக்கிட்டே இருக்கான். அதான் சொல்லுதேன், கொஞ்சம் பயந்து நடங்க.

அடுத்து பொறுமை. ஜெர்மனியில ஹாம்பர்க் பட்டணத்துல விகெர்ன்னு ஒரு ஐயர், ஆதரவத்த பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் வச்சு நடத்துனாரு. டிசம்பர் பொறந்தா போதும், “பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள், இன்னும் எத்தனை நாள்”னு பிள்ளைக அவரு உசிரை வாங்கும். 1839ல அவரு ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதுல மெழுகுதிரியா நட்டுட்டாரு. வாரநாளுக்குச் சின்னத்திரி, ஞாயித்துக்கிழமைக்குப் பெரிய திரி. தினம் ஒண்ணா ஏத்தி, திரி பூரா எரிஞ்சா பண்டிகை. நாள் எண்ணத் தெரியாத பிள்ளையும் வெளிச்சத்தை எண்ணிக்கிடும். இப்ப கோயில்ல வருகைக்காலத்துக்கு வளையத்துல நாலு மெழுகுதிரி ஏத்துதாவளே, அதுக்கு ஆதி அந்தச் சக்கரந்தான்.

நம்ம வீட்டுக்கு வருவோம். கேக்கு பதினஞ்சாந் தேதியே வந்துட்டு, ‘சும்மா டேஸ்ட்டு’ பாத்ததுல பதினாறாந் தேதி தீந்தும் போச்சு. புதுத்துணியைப் போட்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வச்சாச்சு. இருபத்தஞ்சாந் தேதிக்குன்னு மிச்சம் இருக்கது தூக்கம் ஒண்ணுதான். சாமான் கொண்டாந்த பையன் பத்து நிமிசம் பிந்திட்டான்னு போன்ல அவனை நீ வறுத்தெடுத்தது எந்த வாரம்? அட்டவணையைப் பாரு தாயி, பொறுமை வாரம்.

பிள்ளைக்குப் பொறுமை பழக்கணும்னா முந்திரிக்கொத்து சுடு. சிறுபயறை வறுத்து, திரிச்சு, தேங்காயும் எள்ளும் வறுத்துப் போட்டு, பாகு காய்ச்சி ஊத்தி, உருண்டை பிடிச்சு, அதை உலர விட்டு, பிறகு அரிசி மாவுல முக்கி எண்ணெயில போடணும். இன்னைக்கு ஆரம்பிச்சா நாளைக்குத்தான் வாயில வைக்கலாம். உருண்டை பிடிக்க பயலை உக்கார வை. ஒண்ணு கோழிமுட்டையாட்டம் வரும், ஒண்ணு கோலியாட்டம் வரும், வரட்டுமே. அடுப்புப் பக்கம் மட்டும் விடாத. பாக்கெட்ல வாங்கிட்டேன்னா, முந்திரிக்கொத்து வீட்டுக்கு வந்துரும், பொறுமை கடையிலயே நின்னுக்கிடும்.

குடில் விசயம் ஒண்ணு இருக்கு. வரவேற்பறையில ஜோடிச்சு வச்சிருக்க, அழகாத்தான் இருக்கு. ஆனா காலையில இருந்து அடைய வரைக்கும் இந்த வீட்டுல கேக்குத கிறிஸ்துமஸ் செய்தி ஒண்ணே ஒண்ணுதான்: “தொடாத!” ஆட்டுக்குட்டியைத் தொடாத, யோசேப்பைத் தொடாத, வைக்கோலைக் கலைக்காத. 1223ல இத்தாலியில கிரேச்சோங்குத ஊர்ல பிரான்சிஸ் அசிசியார் நிசமான வைக்கோலைப் பரப்பி, நிசமான மாட்டையும் கழுதையையும் கொண்டாந்து நிறுத்துனாராம். பச்சப்பிள்ளை எம்புட்டு வசதியில்லாத இடத்துல பொறந்துச்சுன்னு சனங்க கண்ணால பாக்கணும்னு செஞ்சது. அவரு மாட்டையே கொண்டாந்து நிறுத்துனாரு, நீ பிளாஸ்டர் மாட்டைத் தொட விட மாட்டேங்க. உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போவுது. கொம்பு போன மாடு ஒண்ணு குடில்ல நின்னா, பிள்ளை அங்க விளையாடியிருக்கான்னு பாக்க வந்தவன் தெரிஞ்சுக்கிடுவான்.

மூணாவது உண்மை. பய உன்னைக் கேட்டான், “வெள்ளைப்போளம்னா என்னம்மா?” நீ சொன்ன, “அது ஒரு பவுடர்டா.” மறுநாள் அவன் உன் பவுடர் டப்பாவைக் குடில்ல கொண்டுபோய் வச்சதுக்கு முதுகுல ஒண்ணு போட்ட. அவன் நீ சொன்னதை நம்புனான், அது ஒண்ணுதான் அவன் செஞ்ச தப்பு. அது ஒரு மரத்துல வடியுத வாசனைப் பிசின்னு சொன்னா முடிஞ்சு போச்சு. தெரியலையா, “தெரியலடா, தாத்தாகிட்ட கேப்போம்”னு சொல்லு. எனக்கும் தெரியலைன்னா ஐயர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். பெரியவங்களுக்கும் தெரியாத விசயம் உண்டுன்னு பிள்ளைக்கு விளங்கட்டும்.

இன்னொண்ணு. சோறு திங்கலைன்னா “இயேசப்பா அடிப்பாரு”ன்னு சொல்லுதிய. ராத்திரி பய எங்கிட்ட கேக்கான், “தாத்தா, முன்னணையில படுத்திருக்க பாப்பாவா என்னை அடிக்கும்?” நான் என்னத்தைச் சொல்ல? வருசம் முழுக்க அவரைக் காட்டிப் பயங்காட்டிட்டு, டிசம்பர்ல மட்டும் அவரு பொறந்ததுக்குக் கைதட்டுன்னா பிள்ளை எப்படித் தட்டுவான்?

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வருவோம். மரியாள் வேசம் யாருக்குன்னு தாய்மார் நடத்துன யுத்தத்தைப் பத்தி நான் வாயைத் திறக்கலை. மரியாள் தாழ்மைக்குப் பேர் போனவ, அந்த வேசத்துக்கு நடந்த சண்டை அம்புட்டையும் எழுதுனா அதுவே ஒரு ஆகமம் ஆயிரும். சத்திரக்காரன் விசயத்தை மட்டும் சொல்லுதேன். நாடகத்துல அவந்தான் வில்லன். மீசையை முறுக்கி “இடமில்லை, போ”ங்கான், சபையே அவனைப் பாத்து உச்சுக் கொட்டுது. லூக்கா சுவிசேசத்தை விரல் வச்சுக் கூட்டிப் படிச்சுப் பாரு, சத்திரத்துல இடமில்லைன்னுதான் இருக்கு, சத்திரக்காரன்னு ஒரு ஆளே கிடையாது. நாமளாச் சேத்துக்கிட்டோம். பழி போட ஒரு ஆளு வேணும்லா!

நம்ம மாடி வீடு காலியாத்தான் கிடக்கு. போன மாசம் ஒரு டீச்சரம்மா வாடகைக்குக் கேட்டு வந்தாவ. எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வகையறான்னு நீங்க ரெண்டு பேரும் சுத்திச் சுத்தி விசாரிச்சிய. பதில் தோது படலை. “அட்வான்ஸ் வாங்கிட்டோமே”ன்னு சொல்லி அனுப்பிட்டிய. பய வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான். பக்கத்துல இருக்க முதலூர் எதுக்கு உண்டாச்சுன்னு அவனுக்குச் சொல்லியிருக்கியளா? இருந்த ஊர்ல இருக்க விடாம விரட்டப்பட்ட சனங்களுக்கு ஒதுங்க ஒரு இடம் வேணும்னு, 1799ல டேவிட் சுந்தரானந்தம் முன்ன நின்னு உண்டாக்குன ஊரு அது. இடமில்லைன்னு துரத்தப்பட்டவங்க உண்டாக்குன இடத்துல இருந்து வந்த வம்சம் நாம. மஸ்கோத் அல்வா வாங்க முதலூர் போவையில பயலையும் கூட்டிட்டுப் போய் இதைச் சொல்லுங்க. மாடி வீடு யாருக்குன்னு அவன் கேட்டா என்ன சொல்லணும்னு மட்டும் முன்கூட்டி யோசிச்சு வச்சுக்கோங்க.

இனி அந்தச் சிவப்புச் சட்டைத் தாத்தா. எனக்கு அவரு மேல பொறாமை உண்டும், மறைக்கலை. எனக்கும் வெள்ளைத்தாடி இருக்கு, என்னை எவனும் மைக்ல கூப்பிட்டதில்லை. அவரோட பூர்வீகத்தைக் கேளு. 4ஆம் நூத்தாண்டுல, இப்ப துருக்கியா இருக்க தேசத்துல, மீரா பட்டணத்து பிஷப்பு நிக்கோலாஸ். ஒரு ஏழைத் தகப்பன், சீதனம் கொடுக்க வழியில்லாம மூணு பொம்பளைப் பிள்ளைகளையும் வச்சுக்கிட்டுத் தவிச்சானாம். பிஷப்பு ராத்திரியில போய், கொடுத்தது யாருன்னு தெரியாம, பொன் முடிச்சை சன்னல் வழியாப் போட்டுட்டு வந்துட்டாருங்கது பரம்பரையாச் சொல்லுத கதை.

நம்ம கிறிஸ்துமஸ் விழாவுல என்ன நடக்கு? அப்பனும் ஆத்தாளும் வாங்குன சாமானைக் காகிதம் சுத்தி, பேரெழுதி, முந்தின நாளே ஆபீஸ்ல கொடுத்துருதாவ. தாத்தா வந்து மைக்ல பேரைக் கூப்பிட்டுக் கொடுக்காரு. ஒருத்தனுக்கு ரிமோட் காரு, ஒருத்தனுக்கு பேட்டரி சைக்கிள். கூலி வேலைக்குப் போறவ மவனுக்கு ஒரு பென்சில் டப்பா. “அந்தத் தாத்தாவுக்கு அவனைப் பிடிக்காதா?”ன்னு உன் மவன் கேட்டான், ஞாபகம் இருக்கா? நீ செல்போனைப் பாத்துக்கிட்ட. இந்த வருசம் நிக்கோலாஸ் செஞ்சபடி செய்வோமா? பென்சில் டப்பாக்காரன் வீட்டு வாசல்ல ராத்திரி ஒரு நல்ல சாமானை வச்சுட்டு, நானும் பயலும் ஓடி வந்துருதோம். என்னால ஓட முடியாது, நடந்து வாறேன். போட்டோ எடுக்கப்பிடாது, ஸ்டேட்டஸ் வைக்கப்பிடாது. பயலால அதைத் தாங்கிக்கிட முடியும், உன்னால முடியுமான்னுதான் எனக்கு யோசனை.

கடைசியாப் பலகாரத் தட்டு. வருசா வருசம் அக்கம்பக்கத்து வீட்டுக்கு நாம தட்டு அனுப்புதோம். தீவாளிக்கு அவிய அதிரசம் வருது, பெருநாளைக்குப் பாய் வீட்டுப் பிரியாணி வருது, நம்ம பண்டிகைக்கு இங்கேயிருந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் போகுது. தட்டைத் தூக்கிட்டுப் போற வேலையைப் பயகிட்ட கொடு. பகிர்தல் வாரத்துல நீ சொல்லுத பாடமெல்லாம் அந்த ஒரு நடையில அவனுக்கு வந்துரும். தட்டுல எதை அடுக்குதேங்கதையும் அவன் பாப்பான், கேட்டியா? போன வருசம் முழுசு நம்ம டப்பாவுக்கும் உடைஞ்சது அடுத்த வீட்டுக்கும் போச்சு. அதையும் ராத்திரி எங்கிட்ட சொல்லிட்டான்.

தட்டுல ஒண்ணு குறையுது தாயி. தெருக்கோடியில இருக்க அவன் பெரியப்பா வீட்டுக்குப் போகலை. நம்ம சபைச் சேகரக் கமிட்டித் தேர்தல்ல என் மூத்த பய ஒரு அணி, உன் புருசன் ஒரு அணி. ஓட்டை எண்ணி முடிச்ச அன்னைக்கு நின்னுபோன பேச்சு, இன்னும் தொடங்கலை. ஜெயிச்சவனுக்கு அந்தப் பதவி முடிஞ்சே போச்சு, வீம்பு மட்டும் பதவியில இருக்கு. ரெண்டு பயலுகளும் ஒரே பாடகர் குழுவுல, ஆளுக்கொரு ஓரத்துல நின்னு சமாதானத்தைப் பத்தி நாலு குரல்ல பாடுதானுவ. சத்தம் நல்லாத்தான் சேருது.

ஆகவே நாலாம் வாரத்துக்கு என் யோசனை இது. சமாதானத்தைப் பத்திப் பயலுக்கு ஒண்ணும் சொல்லாத. நல்லதாப் பாத்து ஒரு தட்டு நிரப்பி அவன் கையில கொடுத்து, “பெரியப்பா வீட்டுக்குப் போயிட்டு வா”ன்னு அனுப்பு. அவனுக்குத் தேர்தல் தெரியாது, அணி தெரியாது, கதவைத் தட்டத் தெரியும். உன் புருசன் கேட்டா, தாத்தா சொன்னாருன்னு சொல்லு. அவன் சத்தம் போட்டா எங்கிட்ட வரச் சொல்லு. அட்டவணையில அவனுக்கும் ஒரு வாரம் எழுதுதேன்.

போன தட்டு சும்மா வராது. மூத்த மருமவ கைமணம் எனக்குத் தெரியும், தட்டு நிறைய அதிரசம் வச்சு அனுப்புவா. அதுல ரெண்டு எனக்கு வேணும். சக்கரை வியாதின்னு டாக்டர் சொன்னதைப் பண்டிகை முடிஞ்சு பேசிக்கிடுவோம்.