கோழி மேய்ப்பு உத்தியோகத்தர் பதவிக்கு ஒரு விண்ணப்பம்

எனது இல.: இன்னும் கிடைக்கவில்லை
உமது இல.: கேட்ட இடமெல்லாம் வேறு வேறாகச் சொல்கிறார்கள்

கனம் கோறணமேந்து அவர்கள்,
கொழும்பு.

கிராம அலுவலர் ஊடாக, வேலணைப் பிரதேச செயலர் ஊடாக, யாழ்ப்பாண மாவட்டச் செயலர் ஊடாக, இன்னும் யார் யார் ஊடாக அனுப்பினால் போய்ச் சேருமோ அவர்கள் அனைவரும் ஊடாக.

ஐயா / அம்மணி,

‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்’ என்று எங்கள் பெரியவர்கள் சொல்லி வைத்ததைத் தாங்கள் அறிவீர்கள். அறியாவிட்டாலும் பாதகமில்லை. தங்கள் கந்தோர்களில் கோப்புக் கட்டிக்கொண்டிருக்கும் எங்கள் ஆட்களைக் கேளுங்கள். அந்த ஒரு வசனத்தைக் காதில் வாங்கித்தான் அவர்கள் எல்லோரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். என் காதிலும் அது தொட்டிலிலேயே ஓதப்பட்டது. ஆகவே, இத்தால் தங்களைக் கேட்டுக்கொள்வது யாதெனில், அரச சேவையில் ‘கோழி மேய்ப்பு உத்தியோகத்தர், தரம் மூன்று’ என்ற பதவியை உருவாக்கி, அதில் என்னை அமர்த்தித் தர வேண்டும்.

இப்படியொரு பதவி முன்னர் இருந்ததில்லையே என்று தயங்க வேண்டாம். 2022 ஜூனில், சாப்பாட்டுத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று பயந்து, அரச ஊழியர் வீட்டில் பயிர் செய்யட்டும் என மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தவர் தாங்களே. அதே நாட்களில், வெளிநாடு போய் உழைக்க ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவும் கொடுத்தீர்கள். பென்சனுக்கும் பாதிப்பில்லை என்றீர்கள். வேலையில் இருப்பவரை மிளகாய்க் கன்று நடவும் விமானம் ஏறவும் அனுப்பிய அரசுக்கு, வேலையில்லாதவளைக் கோழிக்குப் பின்னால் அனுப்புவது பெரிய காரியமா?

இனி என் தகைமை. நான் மண்டைதீவில் பிறந்தவள். பண்ணைப் பாலத்தால் ஏறி வந்தால் தீவுகளில் முதலாவது எங்களுடையது. யாழ்ப்பாணப் பட்டினம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தெரிகிறது. ஆனால் ஒரு வதிவிடச் சான்றிதழில் மேலொப்பம் வேண்டுமென்றால், பட்டினத்துக்கு முதுகு காட்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் கடந்து வேலணைக்குப் போகவேண்டும். நிர்வாகத்தின் அழகை எனக்கு முதன்முதலில் கற்பித்தது அந்தப் பஸ் பயணம்தான்.

அம்மாவுக்கு ஓ.எல். சோதனை வரவேண்டிய ஆண்டு 1990. அந்த ஓகஸ்ட் மாதம் இராணுவம் தீவில் இறங்கியது, ஊர் இடம்பெயர்ந்தது, சோதனையும் அதோடு போயிற்று. அந்த நாட்களில் கொண்டுபோகப்பட்டுக் காணாமற்போன எங்கள் ஊர்ப் பொடியளின் கோப்புகளுக்கே இன்னும் தாங்கள் பதில் சொல்லவில்லை. எனவே இந்த விண்ணப்பத்துக்குப் பதில் தாமதித்தால் நான் குறைப்படமாட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் பலர்.

எனக்கு உயிரியல் படிக்க ஆசை இருந்தது. ஆசைக்கு ஆசிரியர் வேண்டுமே. தீவகத்துக்கு நியமனம் கிடைத்த அன்றைக்கே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதும் ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவரும் பஸ்சில்தான் வருகிறார். பட்டினத்து ரியூட்டரிக்குப் போய்ப் படித்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் தங்கள் கணக்குச் சரியாகவே வேலை செய்தது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தலைக் கொண்டுவந்து எங்கள் தாய்தகப்பனுக்கு முந்திய தலைமுறைக்குக் கணக்குப் படிப்பித்தீர்கள். இப்போது மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பங்கு. பின்தங்கியவருக்குக் கைகொடுக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் தங்கள் கண்ணுக்கு மாவட்டம் தெரிகிறது, மாவட்டத்துக்குள் கடல் தெரியவில்லை. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிப் பிள்ளைக்கும் வேம்படிப் பிள்ளைக்கும் நெடுந்தீவில் குமுதினிப் படகுக்குக் காத்துநிற்கும் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. 2001 முதல் இசற் புள்ளி வேறு. தசமத்துக்குப் பின்னால் நாலு இலக்கம் வரை எங்களை அளக்கிறீர்கள். அந்த நாலாவது இலக்கத்தில்தான் எங்கள் தீவுகள் தாண்டு போகின்றன.

எப்படியோ கலைப்பீடத்துக்கு எடுபட்டேன். 1974இல் ஒரு வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், புவியியல். ஊரில் சர்க்கரைப் பொங்கல். திருவெண்காட்டுப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திருந்தார் அம்மா. விலை ஏறியபடியால் தவணை முறையில் உடைத்தோம். நாட்டில் ஏ.எல். சோதனையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுபவர் வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். தாங்கள் உள்ளே எடுப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம். அந்தச் சொச்சத்துக்குள் நான் இருந்தேன் என்பதை நேர்முகத்தில் தயவுசெய்து கவனிக்கவும்.

கம்பஸ் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது என்று மட்டும் சொல்லி மேலே போகிறேன். 2020இல் கொரோனா வந்து, விரிவுரை சூமுக்குப் போனது. பல்கலைக்கழக இணையத்தால் இலவசமாகவே படிக்கலாம் என்று அறிவித்தீர்கள். நன்றி. இலவசமாகக் கிடைத்ததை வாங்க எங்கள் வீட்டில் சிக்னல் இல்லை. தேவாலயச் சுவரோரம் ஒரு மூலையில் இரண்டு கோடு வரும். அந்த இரண்டு கோட்டில் நின்றுதான் நான் பருவக்காற்றுகளைப் படித்தேன். 2022 மார்ச்சில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது அந்தக் கோடுகளும் போயின. மகாபொலப் புலமைப்பரிசில் பணம் மாதம் 5,000 ரூபா. சோத்துப் பார்சல் விலை ஏற ஏற அது தன் பாட்டில் அங்கேயே நின்றது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 7,500 ஆக்கினீர்களாம். நான் வெளியே வந்த பிறகு.

நான்கு வருடப் பட்டம் நான்கு வருடத்தில் முடியவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? தாங்கள் எனக்குத் தந்த உண்மையான பயிற்சி அதுதான். சோதனைக்குக் காத்திரு, பெறுபேறுக்குக் காத்திரு, வெட்டுப்புள்ளிக்கு, அனுமதிக்கு, விடுதிக்கு, பட்டமளிப்புக்குக் காத்திரு. தம்பியின் 2022ஆம் ஆண்டு ஏ.எல். சோதனை 2023 ஜனவரியில் தொடங்கியது. பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. எங்கள் கோழி கடகப்பெட்டியில் அடைக்கு இருந்தால் இருபத்தொராம் நாள் குஞ்சு பொரிக்கிறது. நாட்டில் சொன்ன திகதிக்குப் பெறுபேறு வெளியிடும் ஒரே திணைக்களம் அந்தக் கடகப்பெட்டிதான். கோழித் துறையில் சேர நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டம் கிடைத்த பிறகு தொழில் வழிகாட்டல் கருத்தரங்கு ஒன்றுக்குப் போனேன். குளிரூட்டிய மண்டபம், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பேச்சாளர். “பிள்ளையள், எப்ப பாத்தாலும் அரசாங்க வேலை, அரசாங்க வேலை எண்டு நிக்கக் கூடாது. நீங்கள்தான் வேலை குடுக்கிற ஆக்களாய் மாற வேணும்” என்றார். கைதட்டினோம். தேநீர் வேளையில் விசாரித்தேன்: அவர் இருபத்தைந்து வருட அரச சேவை, அடுத்த வருடம் பென்சன். பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர், “சேர், முதலுக்குக் காசு?” என்று கேட்டார். அதற்கு அடுத்த கருத்தரங்கில் பதில் சொல்வதாக ஏற்பாடு.

தனியார் கம்பனிக்கும் போனேன், கோபிக்க வேண்டாம். இரண்டு வருட அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். எனக்கு உண்டு. அப்பா விடியப்புறம் கரைக்குக் கொண்டுவரும் வலையில் நண்டு கழற்றுவேன். கொடுக்கைக் கையால் அமத்தி, காலில் சுற்றிய நூலை ஒவ்வொன்றாய் விலக்கி, கால் முறியாமல் எடுக்கவேண்டும். கால் முறிந்தால் தராசில் ஏறும் முன்னரே விலை இறங்கிவிடும். ஒரு பெட்டி நண்டை ஒரு கால் முறியாமல் என்னால் கழற்றமுடியும். விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கூடு இல்லை. ‘மென்திறன்கள்’ என்ற கூட்டுக்குள் எழுதினேன். நேர்முகம் செய்தவர் சிரித்தார். அந்த நண்டு கொழும்பு ஹோட்டலில் என்ன விலை என்று அவருக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. யாருக்கு அனுபவம் அதிகம் என்பது அங்கேயே தீர்ந்தது.

என் ஒன்றுவிட்ட அக்கா அதிர்ஷ்டசாலி. 2020இல் தாங்கள் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாவுக்குப் பயிலுனராக எடுத்தபோது அவளும் எடுபட்டாள். அதற்கு முன்னர், 2017இல் கச்சேரி வாசலில் பந்தல் போட்டு மாதக்கணக்கில் இருந்தவர்களோடு இருந்தவள் அவள். காத்திருப்பதில் என்னைவிட மூத்தவள். அவளை ஒரு கந்தோருக்கு அனுப்பினார்கள். அங்கே கையொப்பம் வைக்கக் கொப்பி இருந்தது, இருக்கக் கதிரை இல்லை. நாலு பட்டதாரிகளுக்கு ஒரு மேசை. முதல் வருபவர் இருப்பார், மற்றவர்கள் டெங்கு நுளம்பு தேடி வீடு வீடாகப் போவார்கள். பொருளியலில் முதல் வகுப்பு எடுத்தவள் சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டு போவதை ஊர் பார்த்தது. பார்த்தும் என்ன? “பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம்” என்று சொல்லித்தான் கலியாணம் பேசினார்கள், பேச்சும் சரிவந்தது.

இதற்காக ஊரைப் பழிக்க எனக்கு மனமில்லை. மாதக் கடைசியில் சம்பளம் வரும், வயது போனால் பென்சன் வரும் என்று உறுதி சொல்லும் முதலாளி இந்தத் தீவுப் பக்கம் வேறு யார் வந்தார்? ஓ.எல்.லோடு பாரிசுக்குப் போன மச்சான் கோயிலுக்கு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டுகிறார். பட்டதாரி மச்சாள் அந்தத் திறப்பு விழாவில் வரவேற்புரை வாசிக்கிறாள். இதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தொழில் வழிகாட்டலை நாங்கள் வேறாக நடத்தத் தேவையில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். என் இறுதியாண்டு ஆய்வு மண்டைதீவின் கண்டல் காடுகளைப் பற்றியது. எந்தப் பக்கம் மாரி வெள்ளம் வழிந்து கடலுக்குப் போகிறது, எங்கே இறால் குஞ்சு ஒதுங்குகிறது என்று களங்கட்டி வலைக்காரரைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். அது ஒரு தட்டில் தூசி பிடித்துக் கிடக்கிறது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி எங்கள் ஊருக்கு வந்து சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். எங்களுக்கும் பெருமைதான், நானும் கிரிக்கெட் பார்ப்பவள். மைதானத்துக்கு வடிகால் கீறுபவருக்கும் சூழல் அறிக்கை எழுதுபவருக்கும் இந்த ஊர் நிலத்தைப் படித்த ஒரு பட்டதாரி பக்கத்து ஒழுங்கையில் இருப்பது தெரியவந்தால் நல்லது. தெரியவராவிட்டால், ஆட்ட நாட்களில் கடலை விற்கும் அனுமதிப் பத்திரத்துக்கு வேலணைக்குப் போகவேண்டுமா என்பதையாவது அறியத்தாருங்கள்.

சென்ற வருடம் ஒரு பதவிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகக் கடிதம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிவிட்டது என்று நான் சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியவள்; கடிதம் தனிச் சிங்களத்தில் வந்தது. ஊரில் சிங்களம் வாசிப்பவர் யார்? கடற்படை முகாம் வாசலில் காவலுக்கு நின்ற பொடியனிடம் கொண்டுபோனேன். வடிவாக வாசித்துப் பார்த்து, முகம் வாடி, “அக்கா, இது போன கிழமை முடிஞ்சது” என்றான். அவனும் ஏதோ ஊரில் ஏ.எல். எழுதிவிட்டு, கோறணமேந்து வேலை என்று வந்து வெயிலில் நிற்பவன்தான்.

ஆகவே, எனது பணிவான கோரிக்கை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச சேவைக்கு 30,000 பேரை எடுப்பதாகச் சொன்னீர்கள். அதில் ஒரு கோழி இடத்தை ஒதுக்குங்கள். அதுவும் முடியாதென்றால், செலவு குறைந்த வேறு சில காரியங்கள் உண்டு. சோதனைத் திகதியையும் பெறுபேற்றுத் திகதியையும் ஒன்றாகவே அறிவித்து, இரண்டையும் காப்பாற்றுங்கள். தீவக வலயத்துக்கு வரும் விஞ்ஞான, கணித ஆசிரியருக்குத் தங்க ஒரு நல்ல வீடு கட்டிக் கொடுங்கள். மாவட்டப் பங்கில் தீவுகளைத் தனியாக எண்ணிப் பாருங்கள். பட்டதாரிகளை எடுத்தால் கதிரையையும் சேர்த்து வாங்குங்கள். எங்களைப் பார்த்துச் சோம்பேறிகள் என்று மேடையில் பேசுபவருக்கு, பேசும் முன் ஒரு நாள் எங்கள் அப்பாவின் வலையில் நண்டு கழற்றப் பயிற்சி தரத் தயாராயிருக்கிறேன், கொடுப்பனவு வேண்டாம்.

இங்ஙனம்,
கீழ்ப்படிவுள்ள பட்டதாரி,
மண்டைதீவு.

பி.கு.: பதிலைத் தமிழில் எழுதவும். நேர்முகத் திகதிக்கு முன்னர் கிடைக்கக்கூடியதாகத் தபாலில் சேர்க்கவும்.