தொட்டிக்குப் பின்னால் ஒருவர்

மீன்தொட்டிக்கு வழிநீர்க் குழாய் வடிவமைப்பவரை அடையாளம் காண்பது எளிது. வீட்டுக்கு வந்தவர்களிடம் மீனைக் காட்டாமல் தொட்டியின் பின்பக்கத்தைக் காட்டுவார். நாலடி நீளத் தொட்டி, கொளத்தூர் கடைகளில் வாங்கிய ஐந்தாறு மீன், ஒரு மாடி வீட்டுக்குப் போதுமான பிவிசி குழாய் ஆகியவை அவருடைய சொத்து.

தொட்டியின் உள்மூலையில் நிற்கும் கண்ணாடிப் பெட்டிதான் அவருக்குப் பரம எதிரி. மேல்மட்ட நீர் எண்ணெய்ப் படலத்தோடு அதில் வழிந்து, குழாய் வழியே அடி அலமாரியிலுள்ள சம்ப் என்ற கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே வடிகட்டப்பட்டு மோட்டாரால் மேலே ஏறும். ஏற்பாட்டில் அவருக்குக் குறையில்லை. ஆனால் 15 செ.மீ. சதுரத்தில் 45 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் அந்தப் பெட்டி, 243 லிட்டர் தொட்டியில் சுமார் 10 லிட்டரை விழுங்கிவிடுகிறது. மீனுக்கு உரிய இடத்தில் நூற்றுக்கு நாலு பங்கு களவு போவதை அவர் மனம் பொறுக்காது.

ஆகவே பெட்டியை வெளியே தள்ளுகிறார். உள்ளே, பின்கண்ணாடியின் மேற்பகுதியில், நாலு செ.மீ. அகல வாய்க்கால் மட்டும் மிஞ்சும். குழாய்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய வெளிப்பெட்டிக்குப் போய்விடும். வாய்க்கால் தொட்டியின் முழு நீளத்துக்கும் இருந்தால் நீர் மெல்லிய தகடாக வழியும், படலமும் நன்றாக நீங்கும் என்பார். இதில் அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் வெளிப்பெட்டிக்கும் குழாய் வளைவுக்கும் வழிவிட்டுத் தொட்டி சுவரிலிருந்து 20 செ.மீ. முன்னால் வரும். தொட்டிக்குள் மிச்சம் 225 சதுர செ.மீ.; கூடத்தில் இழப்பு 2,400. இந்தக் கணக்கை மனைவிதான் முதலில் போடுவார். சம்ப் வந்ததால் அலமாரியை இழந்த அரிசி டிரம்மைக் காட்டி, “என்னங்க, இதை எங்க வைக்கிறது?” என்று கேட்டால், “இடத்தை மிச்சம் பண்ணத்தானேம்மா இவ்வளவும்!” என்பார்.

வெளிப்பெட்டிக்கு நீர் போகப் பின்கண்ணாடியில் துளையிடும் நாள் வீட்டில் ஒரு விசேஷம். டஃபன்டு கண்ணாடியில் துளை போட்டால் முழுத் தகடும் நொறுங்கிவிடும் என்பதால் சாதாரணக் கண்ணாடிதானா என்று கடைக்காரரிடம் நாலு முறை கேட்டிருப்பார். வைரத்துகள் பதித்த வட்டவாள் சூடேறாமலிருக்க நீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக மச்சான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு செம்போடு நிற்பார்.

அடுத்தது சத்தம். குழாயில் காற்றும் நீரும் கலந்து இறங்கினால் இரவெல்லாம் கொடகொடக்கும். காற்றே புகாமல் குழாய் நிறைந்து ஓடினால், அதாவது சைஃபனாக ஓடினால், ஓசை அடங்கும். அதற்கு ஒரு கேட் வால்வை இம்மி இம்மியாகத் திருகி, வருகிற நீரும் போகிற நீரும் சமமாகும்படி செய்ய வேண்டும். பால் வால்வு கால் சுற்றில் திறந்து மூடிவிடும். இந்த நுணுக்கத்துக்கு உதவாது. கடல்மீன் ஆர்வலர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த ‘ஹெர்பி’ முறையில் இரண்டு குழாய். ஒன்று சைஃபன், மற்றது அவசரத்துக்கு. ‘பீன்அனிமல்’ முறையில் மூன்று. சைஃபனுக்கும் அவசரக் குழாய்க்கும் நடுவே, மிஞ்சிய சிறிதளவு நீரைக் காற்றோடு இறக்க ஒன்று. அவர் மூன்றைத்தான் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மின்வெட்டு அவருக்குப் பரீட்சை. மோட்டார் நின்றதும், நீரை மேலே ஏற்றிய குழாயே அதைக் கீழே உறிஞ்சத் தொடங்கும். அதன் வாய் நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. கீழே இருந்தால் 100 லிட்டருக்கு மேல் இறங்கிவிடும், கூடம் குளமாகும். ஆகவே மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போடுவார். துளை வெளியே தெரிந்ததும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். மட்டம் 2 செ.மீ. இறங்கினாலே சுமார் 11 லிட்டர். அதைத் தாங்க சம்ப்பில் எப்போதும் இடம் காலியாக இருக்க வேண்டும். அழுக்கு சேர்ந்தால் ஒழுகும் நான்ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பி இருப்பவர்களைப் பற்றி அவர் பேசுவதைக் குழந்தைகள் கேட்காமலிருப்பது நல்லது. கரண்ட் போகாத மாதத்தில் மெயினைத் தாமே அணைத்துப் பார்ப்பார். டிவியில் அப்போது சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதான அவசரக் குழாய் காய்ந்து கிடந்தால் அமைப்பு ஒழுங்காக ஓடுகிறது. அதில் நீர் இறங்கினால், பெரும்பாலும் முதல் குழாயின் வாயில் நத்தையோ இலையோ அடைத்திருக்கும். அதை எடுத்துப் போட்டால் போதும், நாலாவது குழாய் தேவையில்லை. அவர் வாங்கிவிடுவார்.