யானை வேண்டாம் என்றால் யானை வரும்

'அறையில் யானை இருக்கக் கூடாது' என்று படம் வரையும் ஏ.ஐ.யிடம் கண்டிப்பாகச் சொன்ன பலருக்கும் யானை வந்தது. சோபாவை ஒட்டி, அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்த மிடுக்கோடு நின்றது.

இந்தக் கருவிகள் படத்தையும் அதற்கு எழுதிய குறிப்பையும் சேர்த்துப் பார்த்துப் படித்தவை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற கருவிக்குப் பாடப் புத்தகமாக இருந்த லயான்-5பி தொகுப்பில் இப்படி 585 கோடி ஜோடிகள். இல்லாததை யார் குறிப்பில் எழுதுவார்? கல்யாண ஆல்பத்தில் 'இந்தப் படத்தில் சித்தப்பா இல்லை' என்று எழுதும் வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது, அவர் கோபித்துக்கொண்டு போன கதை ஊருக்கே தெரிந்திருந்தாலும். வேண்டாததைச் சொல்லச் சில கருவிகளில் 'நெகட்டிவ் ப்ராம்ப்ட்' என்று தனிக் கட்டமே வைத்திருக்கிறார்கள். அதிலும் 'யானை வேண்டாம்' என்று எழுதக் கூடாது. 'யானை' என்றால் போதும்.

கடிகாரம் இன்னொரு வம்பு. ஆறரை மணி காட்டச் சொன்னால் பத்து பத்து காட்டும். கம்பெனி பெயர் மறையாமல் இருக்க விளம்பரக் கடிகாரங்கள் அந்த நேரத்திலேயே நிற்பதால் வந்த வினை. புதிய மாடல்களுக்குக் காது கொஞ்சம் கேட்கிறது.

'அற்புதமான, பிரமாதமான டீக்கடை' என்று உருகினால் காலண்டர் படம் கிடைக்கும். 'மழை விட்ட மாலை, பித்தளை பாய்லரில் ஆவி, டியூப்லைட் வெளிச்சம், பெஞ்சில் உட்கார்ந்தவர் கண் உயரத்திலிருந்து' என்றால் டீக்கடை கிடைக்கும். அதற்காகக் காவியம் பாடவும் கூடாது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்பு 77 டோக்கன்களுக்கு (சொல் துண்டுகளுக்கு) மேல் படிக்காது. கடைசி வரியில் அறிமுகமாகும் கதாநாயகிக்குப் படத்தில் இடமில்லை.

2022-இல் எல்லோரும் கண்ட குறுக்குவழி, கட்டளையில் (ப்ராம்ப்டில்) போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரைச் சேர்ப்பது. பிக்காசோவை அழைத்தவர்களைவிட அவரை அழைத்தவர்கள் அதிகம். அவருக்கு அதில் சந்தோஷமில்லை, நியாயம்தான்.

அதே ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், ஜேசன் ஆலன் மிட்ஜர்னி என்ற ஏ.ஐ. கருவியில் உருவாக்கிய படம் டிஜிட்டல் ஓவியப் பிரிவில் முதல் பரிசு வாங்கியது. குறைந்தது 624 முறை ப்ராம்ப்டைத் திருத்தியதாகச் சொல்லிப் பதிப்புரிமை கேட்டார். எந்திரம் வரைந்த பகுதிக்கு உரிமை கோராதீர்கள் என்றது பதிப்புரிமை அலுவலகம். அவர் இறங்கி வரவில்லை. 2023 செப்டம்பரில் விண்ணப்பம் இறுதியாக நிராகரிக்கப்பட்டது.