சந்துல பூந்த காடி

வா தம்பி, உட்காரு. மெர்சிங் ஆத்துமுகத்துல தண்ணி ஏறாம தியோமான் படகு நகராது. அதுக்குள்ள உன் வழக்கை விசாரிச்சு தீர்ப்பே சொல்லிடறேன். உன் சின்னம்மா மகனோட மாரியோ கார்ட்ல பந்தயம் கட்டினே. அவன் ஒரு சுத்து முடிக்கறதுக்குள்ள நீ மூணையும் முடிச்சிட்டே. அவன் உன்னைத் திருட்டுப் பயலேங்கறான். நீயோ, "கேம்லயே இருக்கற வழிதானே தாத்தா"ங்கறே. ரெண்டு பேரும் பரம யோக்கியனுங்க, போ!

அந்தக் குறுக்கு வழியையும் விசாரிச்சிட்டேன். கேம் பெட்டிக்குள்ள இருக்கறவன் உன் காடியை ரோடு முழுக்கப் பாத்துக்கிட்டே வரமாட்டான். அங்கங்க கண்ணுக்குத் தெரியாத கோடு கிழிச்சு வெச்சிருப்பான். அதைத் தாண்டினியான்னு மட்டும்தான் பாப்பான். 2008-ல வந்த மாரியோ கார்ட் வீயில எரிமலை ரோடு இருக்கே, அதுல பாறை மேல தாவி, எல்லைக்கோட்டுப் பக்கத்துலயே வட்டம் போட்டு, சுத்து முடிஞ்சதுன்னு பெட்டியை நம்ப வெக்கறீங்க. செஞ்ச ஜப்பான்காரன் கனவுலயும் நினைக்காத வழி! அது கைவர்றதுக்குள்ள எத்தனை தடவ நெருப்புக் குழம்புல விழுந்திருப்பே? இவ்வளவு பாடுபட்டுத் திருடற பிள்ளையை இப்பதான்டா பாக்கறேன்.

இந்த வழக்கு ஒண்ணும் புதுசில்ல. நம்ம செப்பாங்லயே ஓடியிருக்கு. 2009 ஏப்ரல் 5, ஃபார்முலா ஒன். டீம் முதலாளி ராஸ் பிரானோட வெள்ளைக் காடியை ஓட்டினவரு ஜென்சன் பட்டன். காடியைத் தரையோட ஒட்டி இழுக்கற டிஃப்யூசருன்னு பின்னாடி அடியில ஒண்ணு இருக்கு. அது இவ்வளவு உயரம்தான் இருக்கலாம்னு அந்த வருஷம் சட்டம். பிரான் ஆளுங்க எழுத்துல சந்து பாத்து மேல இன்னொரு மாடி கட்டிட்டாங்க. டொயோட்டா, வில்லியம்ஸ் காடியிலயும் அதே வேலை. மத்தவங்க குய்யோ முறையோன்னு புகார் குடுத்தாங்க. செப்பாங்ல மழை கொட்டிப் பந்தயம் நடுவுல நின்னு, பாதிப் புள்ளிதான் குடுத்தாங்க. முதலிடத்துப் பாதியையும் பட்டன்தான் அள்ளிட்டுப் போனாரு. பத்து நாள்ல பாரிஸ் அப்பீல் கோர்ட்டு அந்த மாடி செல்லும்னுடுச்சு. உடனே, அநியாயம்னு கூவின ஃபெராரியும் ரெட் புல்லும் தங்க காடியிலயும் அதே மாடியைக் கட்டினாங்க! 2011-லதான் சட்டம் போட்டுச் சந்தை அடைச்சாங்க.

பிரானோட சாமர்த்தியத்தைக் கேளு. "சட்டத்துல ஓட்டை இருக்கு, அடைச்சிடலாம்னு 2008-லயே சொன்னேன், யாரும் கேக்கலை"ன்னாரு. தான் அதுல என்ன கட்டப்போறோம்னு மட்டும் வாயத் திறக்கல. நம்ம தோட்டத்துல பொறந்திருந்தா நேரா தண்டல் வேலைதான்!

தோட்டத்துலயும் ரப்பர் பால்ல தண்ணி கலந்தவங்க உண்டு. வாளி நிறையணும்னுதானே கேட்டீங்கன்னு அவங்களுக்கும் நியாயம் இருந்துச்சு. அதுக்குத்தான் மெட்ரோலாக்கைப் பால்ல முக்கி, எவ்வளவு ரப்பர் இருக்குன்னு பாத்தாங்க. உன் பெட்டிக்கு மெட்ரோலாக் இல்ல, அவ்வளவுதான்.

சரி, தீர்ப்பு. தனியா ஆடறப்போ தாவு, பற, செவுத்துக்குள்ள குடும்பம் நடத்து. எவன் கேக்கப் போறான்? சாதனைக் கணக்கு எழுதறவங்களே சந்து வழிக்கு ஒரு பட்டியல், ரோட்டு வழிக்கு ஒரு பட்டியல்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. இன்னொருத்தனோட பந்தயம் கட்டறப்போ மட்டும் முன்னாடியே கேட்டுக்கோ: சந்து உண்டா, இல்லையா? கேக்காம ஜெயிச்சா அது தண்ணி கலந்த பால்தான்.

உன் தம்பியையும் சும்மா விடமாட்டேன். அநியாயம்னு கத்தறவங்கள்ல பாதிப் பேரு தன்னால தாவ முடியலைன்னு கத்தறவங்க. நியாயம்னு வாதாடறவங்கள்ல பாதிப் பேரு, மத்தவனுக்கு வழி தெரியற வரைக்கும் வாதாடறவங்க. நீ எந்தப் பாதின்னு தெரியணுமா? இன்னிக்கு ராத்திரி அவனுக்கு அந்தப் பாறையைக் காட்டிக் குடுத்துட்டு ஆடிப் பாரு.