அரை நட்சத்திரப் பிடித்தம்

இசை ஆல்பங்களுக்கு நட்சத்திரம் வழங்கிவரும் மேன்மை தங்கிய விமரிசகப் பெருமக்கள் சமூகத்துக்கு, திருவண்ணாமலை கிரிவலப் பாதை, அடி அண்ணாமலையில் முன்பு கேசட்டும் இப்போது பென் டிரைவும் ஊதுவத்தியும் விற்றுவரும் மனுதாரர் பணிவுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம் என்னவென்றால்:

மனுதாரரும் ஊர் பஜனைக் கோஷ்டியும் சேர்ந்து, ஐந்து பாட்டுள்ள கிரிவல ஆல்பம் ஒன்றைப் போன பௌர்ணமிக்கு வெளியிட்டார்கள். சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் அதை நாலே வரியில் கௌரவித்திருக்கிறார். பெயர் வேண்டாம், சொன்னால் அவருக்கும் யாராவது நட்சத்திரம் போட்டுவிடுவார்கள். ஆல்பத்துக்கு அவர் தந்தது ஐந்துக்கு இரண்டரை. முதல் பாட்டில் அவர் கண்டுபிடித்த குற்றம், மெட்டு சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறதாம்.

ஐயா, அது கிரிவலப் பாட்டு.

பதினான்கு கிலோமீட்டர் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரத்தான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனம் வெறுங்காலோடு நடக்கிறது. வேறு எங்காவது போய் நின்றால் அது காணாமல் போன கேஸ்; மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அத்தோடு விட்டாரா? ஆறாவது பாட்டு மட்டும் தேறுகிறது என்றும் எழுதியிருக்கிறார். ஆல்பத்தில் இருப்பது ஐந்து. ஆறாவதையும் கேட்ட அந்த ஞானச் செவியை மனுதாரர் கைகூப்பி வணங்குகிறார்.

இரண்டு கொடுத்திருந்தால் மனுதாரர் இரண்டு என்று இருந்திருப்பார். மூன்று என்றால் கோஷ்டிக்கே டீ வாங்கிக் கொடுத்திருப்பார். அந்த அரைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. மூன்றாக வரவேண்டியதில் அரையைப் பிடித்துக்கொண்டது எந்தக் கணக்கில்? சம்பளத்தில் பி.எஃப். பிடித்தால் ஓய்வு பெறும்போது வட்டியோடு வருகிறது. தமிழ் ஆல்பங்களில் இத்தனை வருஷமாகப் பிடித்த அரைகளெல்லாம் எந்தப் பேங்கில், யார் பெயரில் கிடக்கின்றன?

அரையைக் கையாள்வது சமூகத்துக்குப் பரம்பரைக் கலை என்பதை மனுதாரர் அறிவார். 1977இல் '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62½ மதிப்பெண் போட்டது. அது சினிமாவுக்குப் போட்ட மார்க், அதுவும் மனசாரப் போட்ட மார்க், ஆகையால் வழக்கில் சேராது. ஆனாலும் அந்த அரை மயிலுக்கா, சப்பாணிக்கா, இளையராஜாவுக்கா என்று மனுதாரர் கடையில் இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை.

அதே விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி சங்கீத விமரிசனம் எழுதினார். கேலி செய்தார், வம்புக்கு இழுத்தார், தமிழிசைக்காகச் சண்டை போட்டார். பிறகு வந்த சுப்புடு அடித்த அடியில், 'நாய்களுக்கும் சுப்புடுவுக்கும் அனுமதியில்லை' என்று ஒரு சபாவில் போர்டு மாட்டியதாகவே கதை உண்டு. திட்டு வாங்கிய வித்வானுக்கு எந்த ராகத்தில், எந்த இடத்தில் சறுக்கினோம் என்று தெரிந்தது. ஏனென்றால் திட்டியவர் கச்சேரிக்கு வந்து உட்கார்ந்து கேட்டிருந்தார். இருவரும் ஒரு நட்சத்திரமும் போட்டதில்லை, பிடித்ததும் இல்லை.

அரைகுறையாகக் கேட்டு எழுதும் இந்த வியாதி உள்ளூர் வியாதி மட்டுமல்ல என்பது மனுதாரருக்கு ஓர் ஆறுதல். 1967இல் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்தபோது, நியூயார்க் டைம்ஸில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற இளைஞர் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். உலகமே அவர்மேல் பாய்ந்தது. தன் ஸ்டீரியோவில் ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று அவுட்! அரை உற்பத்தியாகும் இடம் அதுதான் போலிருக்கிறது. சமூகத்தார் அனைவரும் ஆளுக்கொரு முறை ஒயரைச் சரிபார்த்துக்கொள்ளும்படி வேண்டப்படுகிறது.

அமெரிக்காவின் பிட்ச்ஃபோர்க் இசை விமரிசனத் தளம் இன்னும் ஒரு படி மேல். நட்சத்திரத்துக்குப் பதில் தசம ஸ்தானத்தில் மார்க், 6.8க்கும் 6.9க்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்பது கேட்டவருக்கே வெளிச்சம். 2003இல் லிஸ் ஃபேர் என்ற பாடகியின் ஆல்பத்துக்கு 0.0 போட்டார்கள். 2021இல் பழைய மார்க்குகளில் பத்தொன்பதைத் திருத்தியபோது அதே ஆல்பம் 6.0 ஆகிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் அந்த ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. பிடித்ததைத் திருப்பித் தர முடியும் என்பதற்கு இதைவிட முன்னுதாரணம் வேண்டுமா? 2024 ஜனவரியில் முதலாளி நிறுவனம் அந்தத் தளத்தையே ஜி.க்யூ. என்ற ஆண்கள் ஃபேஷன் பத்திரிகைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது தனிக்கதை.

'ரோஜா'வும் நினைவுக்கு வருகிறது. 1992இல் அந்தக் கேசட் வந்தபோது, "கம்ப்யூட்டர் சத்தம், வார்த்தையே காதில் விழவில்லை" என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் கொஞ்சமா? 2005இல் டைம் பத்திரிகை உலகின் தலைசிறந்த பத்துத் திரையிசை ஆல்பங்களில் ஒன்றாக அதைச் சேர்த்ததும், பிதுக்கிய உதடுகளே முதல் ஆளாகப் புன்னகைத்தன. பிடித்த அரையை யாரும் திருப்பித் தரவில்லை.

அந்த 2005லேயே ஊருக்கு நெருக்கமான ஒரு விஷயமும் நடந்தது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது அடி அண்ணாமலையில்தான் என்பது இங்கே வழிவழி வந்த நம்பிக்கை. கிரிவலப் பாதையில் வருண லிங்கக் கோயிலைத் தாண்டி நடந்தால் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. ஆகையால் அவர் பாடல்களுக்கு இளையராஜா இசையமைத்த 'திருவாசகம்' ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் வெளியானபோது, தங்கள் வீட்டு விசேஷம் போல ஊரார் காத்திருந்தார்கள். வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. ஆங்கில வரிகள் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸுடையவை. சமூகத்தில் அப்போது நடந்த பெரிய வழக்கு, அது சிம்பொனியா ஓரட்டோரியோவா என்பது. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் எந்த இடத்தில் தமிழ்ச் சொல் வயலின்களுக்கு மேலே நிற்கிறது, எந்த இடத்தில் முங்கிப்போகிறது என்று காதை வைத்துச் சொன்னவர்கள் குறைவு. மனுதாரருக்கு அந்த ஆங்கில வரிகள் இன்றுவரை ஒட்டவில்லை. கோரஸ் எழும்பும் இடத்தில் கடை வாசலில் நடப்பவர்களின் கால் தானாக மெதுவாவதைப் பார்த்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து எழுதினால் விமரிசனம் ஆகாதா?

அடி அண்ணாமலையில் ஆல்பத்தை எடைபோடும் முறையே வேறு. கடைக்கு வருகிறவர் முதலில் கேட்பது, "இது எத்தனை லிங்கம் வரும்?" என்று. வருண லிங்கத்தில் ஆரம்பித்த பாட்டு வாயு லிங்கம் வரும்வரை கூட வரவேண்டும். தாளம் ரொம்ப வேகம் என்றால் வயசானவர்களுக்கு மூச்சு வாங்கும். இழுத்தால் கால் வலி ஞாபகம் வந்துவிடும். கழுத்தில் தொங்கும் ஸ்பீக்கரைக் கையால் தட்டி, ஒரு நிமிஷம் கேட்டு, நாலடி நடந்து பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்கிறார்கள். எந்த ஸ்டார் ரேட்டிங்கிலும் இந்தப் பரீட்சை இல்லை.

எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு இல்லாமல் எந்த ஊரில் ஆடி மாதம் நடக்கிறது? கே. வீரமணியின் ஐயப்பன் பாட்டு இல்லாமல் கார்த்திகை பிறக்குமா? சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் ஒலிக்காத வீதி எது? தமிழ்நாடு மிக அதிகம் கேட்ட ஆல்பங்கள் இவை. சமூகத்தின் தராசில் இவை ஏறியதே இல்லை. இவை வெறும் ஸ்பீக்கர் செட் சமாசாரம். அரைகூடக் கொடுக்கவில்லை, ஆகவே பிடித்தமும் இல்லை. அந்த மட்டில் ஈஸ்வரி அம்மாள் பாக்கியசாலி.

ஒரு விஷயத்தில் மட்டும் மனுதாரருக்கு விளையாட்டு வரவில்லை. 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்தும் கையளவு நிலம் சேராத ஜனங்களின் பாட்டு. தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து எடுத்து எழுதியவர் அறிவு, பாடகி தீயுடன் சேர்ந்து பாடியவரும் அறிவு. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அறிவுக்கு டிஜிட்டல் அட்டை ஒன்று தனியாக வந்தது. நிலம் மறுக்கப்பட்டவர்களைப் பற்றிய பாட்டுக்கு அட்டையிலும் இடம் மறுப்பதா? எழுதினவனைத் தள்ளிவிட்டு எழுத்தைக் கொண்டாடுவதற்குப் பெயர் ரசனை இல்லை, திருட்டுப் புத்தி. கேட்டு வாங்கவேண்டிய நிலைக்கு ஒரு கலைஞனைக் கொண்டுவந்ததற்கு வெட்கப்படவேண்டும்.

மன்னிக்கவும். சமூகத்தின் பெருந்தன்மையைக் கடலோடு ஒப்பிடலாம் என்றே மனுதாரர் இந்தப் பத்தியை ஆரம்பித்திருந்தார், ஒப்பிட்டதாகவே வைத்துக்கொள்ளவும்.

பஜனைக் கோஷ்டியிலும் குறை உண்டு என்று மனுதாரர் ஒப்புக்கொள்கிறார். மூன்றாவது பாட்டில் ஆர்மோனியம் தூக்கலாக நிற்கிறது. நான்காவதில் தவில்காரர் குஷியில் ஓடிவிட்டார். இதைச் சொல்லி ஒரு நட்சத்திரமே பிடித்திருந்தாலும் கோஷ்டி ரசீது கேட்டிருக்காது. அடுத்த ரிக்கார்டிங்கில் தவில்காரரைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கார்த்திகை தீபத்துக்கு இரண்டாவது ஆல்பம் வருகிறது. சமூகத்துக்கும் ஒரு பென் டிரைவ் கூரியரில் வரும், காசு வேண்டாம். இரண்டு ஸ்பீக்கரும் வேலை செய்கிற கருவியில் போட்டு, ஐந்து பாட்டையும் கடைசிவரை கேட்டு, பிடிக்காத இடத்தைப் பாட்டு நம்பரோடு எழுதவும். கேட்க நேரமில்லை என்றால், 'கேட்கவில்லை' என்று ஒரு வரி போட்டால் போதும், கோஷ்டி கோபித்துக்கொள்ளாது. பழைய பாக்கி அரை நட்சத்திரத்தை மட்டும் மணியார்டரில் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
அடி அண்ணாமலை மனுதாரர்